பேட்டரியோரம் ஒரு கூடு

நாகஜோதி அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக ஓவர்லாக் தைக்கிறவள். மிஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வரும்வரை கைகட்டி உட்கார மாட்டாள். தானே கழற்றிப் பார்த்துவிடுவாள். போன வருஷம் வாங்கிய பழைய காரிடமும் அப்படித்தான். கணவன் நல்லான் ஓட்டுவதோடு சரி. கழுவுவது, குச்சியை உருவி ஆயில் அளவு பார்ப்பது, ஏர் ஃபில்டரில் அப்பிய பஞ்சைத் தட்டுவது எல்லாம் அவள் பாடு.

ஏற்றுமதி அவசரத்தில் மூன்று வாரம் கார் வாசலிலேயே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெருமாநல்லூரில் நல்லானின் தங்கை செல்லத்தாயின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். விடிந்ததுமே நாகஜோதி ஷாம்புத் தண்ணீர் ஊற்றிக் காரைக் கழுவினாள். கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, ஆயில் பார்க்கப் பானெட்டைத் தூக்கினாள்.

பேட்டரி ஓரத்தில் துணிக்குப்பை உருண்டையாகக் கிடந்தது. எடுக்கப் போனவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். உருண்டை கதகதவென்றிருந்தது. லேசாக அசைந்தது.

"ஏனுங்க, இங்க வாங்க!"

"என்ன அம்மிணி, பாம்பா?" என்று பல் விளக்கியபடியே நல்லான் ஓடிவந்தான்.

"சத்தம் போடாதீங்க. அணில் குட்டிங்க."

கண் திறக்காத மூன்று குட்டிகள். சுற்றிலும் ஆரஞ்சு, நீலம், மஞ்சள் என்று அவள் வீட்டு வேஸ்ட் மூட்டையிலிருந்தே உருவிய துணிக்கீற்றுகள். ஒரு முனைகூட வெளியே நீட்டவில்லை.

"ஊசியில்ல, நூலில்ல. என்னால இப்படிப் பண்ண முடியாதுங்க" என்றாள்.

"அதெல்லாஞ் செரி. பத்து மணிக்கு அங்க இருக்கோணும். எடுத்து வேலியோரமா வச்சிரலாமா?"

"வேண்டாங்க. நாம தள்ளி நின்னா, தாய் வந்து எடுத்துக்கும்."

இருவரும் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்கள். வேம்பில் கீச்சிட்டுக்கொண்டிருந்த தாய் அணில், வெகுநேரம் கழித்து இறங்கி வந்தது. ஒரு குட்டியை வாயில் கவ்வியது. குட்டி சுருண்டு தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அந்தப் பாரத்தோடு மதிலில் தாவி, தென்னையில் ஏறி மறைந்தது தாய்.

இரண்டாவது குட்டி போனபோது செல்லத்தாய் போன் செய்தாள். "அண்ணா, எங்க இருக்கீங்க? ஆசாரி வந்து உக்காந்திருக்காருங்க."

"செத்த பொறு கண்ணு. இன்னொண்ணு பாக்கி" என்றான் நல்லான், ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல்.

மூன்றாவதும் போயிற்று. நாகஜோதி சாவியை எடுத்தாள். நல்லான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். அணில் மறுபடி வந்திருந்தது. வெறும் கூட்டுக்குள் தலையை விட்டு, மூலை மூலையாக முகர்ந்து பார்த்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று தெரிந்த பிறகே திரும்பியது.

நல்லான் தன்னையறியாமல் கை கூப்பியிருந்தான்.

நாகஜோதி கூட்டைக் கலைக்காமல் எடுத்து மதில்மேல் வைத்தாள். ஒயர் எதுவும் கடிபட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், ஆயிலும் பார்த்தாள். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது.

பெருமாநல்லூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. முகத்தைத் தூக்கி வைத்திருந்த தங்கையிடம், மருமகளை மடியில் வாங்கியபடியே, "அந்த அணிலு மூணு குட்டியையும் கொண்டுபோயிட்டு, திரும்பியும் வந்து பாத்துச்சு கண்ணு" என்றான் நல்லான். ஆசாரி குத்துவதை மறந்து ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்புறங்க?" என்றார்.