இரண்டாம் எண்ணில் உமையாள் ஆச்சி

உமையாள் ஆச்சி இறந்த பிறகும் மூன்று காலை நான் அவர் குரலைக் கேட்டேன். சனிக்கிழமை போனை எடுத்து எங்கள் பத்திரிகை வாசிப்பு எண்ணை அழைத்தபோது, "இன்றைய தாள்" என்று எப்போதும்போலத் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமைத் தேதியைச் சொன்னார். முதல் நாள் கேட்ட அதே செய்திகள். சரி, பேரப்பிள்ளைகள் வந்திருப்பார்கள், படிக்க நேரம் கிடைத்திருக்காது என்று விட்டுவிட்டேன். ஞாயிறன்றும் வெள்ளிக்கிழமைதான். திங்களன்றும் வெள்ளிக்கிழமை. எனக்குக் கோபம் வந்தது. உடம்பு முடியவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று முணுமுணுத்துக்கொண்டே ஈப்போவில் உள்ள எங்கள் பார்வையற்றோர் சங்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"ஆச்சி வெள்ளிக்கிழமை மத்தியானமே தவறிட்டாங்க அக்கா," என்றாள் அங்கே வேலை பார்க்கும் கோமதி. "ஹார்ட் அட்டாக். நேத்து எடுத்துட்டாங்க. சனிக்கிழமை பேப்பர்லயே வந்துச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

பேப்பரில் வந்தது எனக்கு எப்படித் தெரியும்? அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் அவர்தானே. கோமதி நல்ல பிள்ளை. வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.  என்னைப்போல் இன்னும் எத்தனை பேர் அவர் உயிரோடு இருப்பதாக நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ. எல்லார் சாவையும் எங்களுக்குச் சொன்னவரின் சாவை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எப்படியாவது அதை அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஒரே நினைப்பு.

நம் சங்க இதழில் இதைப் படிக்கும், படிக்கக் கேட்கும் உங்களில் பலர் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்க அலுவலகத்து மூலையில் ஒரு போன் கருவி இருக்கிறது. அழைத்தால் அது எடுக்கும். ஒன்றை அமுக்கினால் செய்திகள். இரண்டை அமுக்கினால் மரண அறிவிப்புகள். மூன்றில் கோயில் திருவிழாவும் மலிவு விற்பனையும். ஆச்சி விடியும் முன்பே தம் வீட்டிலிருந்து அந்தக் கருவியை அழைத்து, ரகசிய எண்ணைப் போட்டு, தமிழ்ப் பத்திரிகையைப் படித்துப் பதிவு செய்வார். சம்பளம் கிடையாது. நாங்கள் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சங்கம் இதை ஆரம்பித்தது. ஆனால் நாம் எல்லோரும் முதலில் அமுக்கியது இரண்டைத்தான். மறுக்காதீர்கள். நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ஒரே லயத்து வரிசை வீடுகளில் சுவருக்குச் சுவர் குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு தாமானில், புதுக் குடியிருப்பில், வீடு தேடிப் போனோம். யார் எங்கே இருந்தார் என்பது அவர் செத்த பிறகு பத்திரிகையில்தான் தெரியும்.

நான் பார்வதி. சின்ன வயதிலேயே பார்வை போய், ஈப்போவில் ஓர் அலுவலகத்து சுவிட்ச்போர்டில் உட்கார்ந்து, ஊரார் பேச்சை இணைத்துவிட்டே ஓய்வு பெற்றவள். இப்போது அடுக்குமாடி வீடொன்றில் தனியாக இருக்கிறேன். காலையில் என்னிடம் முதலில் பேசுபவர் ஆச்சி. பல நாள் கடைசியாகப் பேசுபவரும் அவர்தான், வேறு யாரும் பேசமாட்டார்கள் என்பதால்.

செட்டியார் வீடுகளில் கல்யாணமான பெண்களை ஆச்சி என்பார்கள். இவர் ஈப்போ டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். ரப்பர் மரத்தை ஓடும் காடியின் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. அதனால் ஆரம்பத்தில் அச்சில் இருந்ததை அப்படியே படித்தார். 'கிளன்பார்க் தோட்டத்தைச் சேர்ந்த சுப்பிரமணியம்' என்று ஒரு நாள் படித்தார். கமுந்திங்கில் இருக்கும் முனியாண்டி அண்ணன், சர்க்கரை நோயில் பார்வை இழந்தவர், அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். செத்தவர் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கிளன்பார்க் என்பது துரைமார் வைத்த பெயர். எங்கள் ஆட்கள் யார் வாயிலும் அது வந்ததில்லை. எங்களுக்கு அது பலாமரத்துத் தோட்டம். விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் ஆச்சிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறார்.

"கிளன்பார்க்குன்னா எவனுக்கு ஆச்சி தெரியும்? பலாமரத்துத் தோட்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடியிருப்பேன்லா. கடைசியா அவன் மொகத்தத் தொட்டாவது பாத்திருப்பேன்."

 மறுநாளிலிருந்து ஆச்சி ஒவ்வோர் அறிவிப்பிலும் போட்டிருக்கும் போன் எண்ணுக்கு அடித்து, "உங்க தோட்டத்த நம்ம சனங்க என்ன பேரு சொல்லுவாக?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். விடியாத வேளையில் சாவு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிற கேள்வியா இது என்று நானே கேட்டேன். "சாவு வீட்டுல யாரு பார்வதி தூங்குறாக? யாராவது ரெண்டு வார்த்தை கேட்டா அவுகளுக்கும் நல்லதுதானே," என்றார். எரிச்சலோடு போனை எடுத்த பிள்ளைகள், உள்ளே இருந்த பெரியவர்களைக் கேட்டுப் பெயரைச் சொல்வார்களாம். சிலர் சொல்லும்போதே அழுதுவிடுவார்களாம். அதன் பிறகு இரண்டாம் எண்ணில் துரைமார் பெயரும் வந்தது, எங்கள் பெயரும் வந்தது. நீங்கள் எத்தனை பேர் அப்படி உங்கள் ஆளைக் கண்டுபிடித்து ஓடினீர்கள் என்று எனக்குத் தெரியும்.

'இன்றைய தாள்' வந்த கதையும் முனியாண்டி அண்ணனால்தான். ஒரு காலை ஆச்சி அவசரத்தில், எந்த வீட்டையும் விசாரிக்காமல், அன்றைய பத்திரிகைக்குப் பதிலாகப் பழைய தாள் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்துவிட்டார். அண்ணன் மருமகனைக் கூட்டிக்கொண்டு, மாலையும் கையுமாகக் காடியில் காம்பாருக்குப் புறப்பட்டார். வாசலிலேயே அழ ஆரம்பித்திருக்கிறார். உள்ளே போனால் கருமாதிப் பந்தி நடக்கிறது. கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். "சாப்பாட்டக் குறை சொல்ல முடியாது, வடைய ரெண்டு தரம் வச்சாங்க. மாலையத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல. படத்துக்குப் போட்டுட்டு வந்துட்டேன்லா," என்று என்னிடம் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். அன்றிலிருந்து ஆச்சி 'இன்றைய தாள்' என்று தொடங்கித் தேதியைச் சொல்வார். சொல்லிவிட்டுத் தாளைப் போனுக்குப் பக்கத்தில் சரசரவென்று ஒரு தரம் ஆட்டிக் காட்டுவார். பழைய தாளும் அப்படித்தான் சரசரக்கும். ஆனால் அது கேட்காவிட்டால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம்.

அறிவிப்போடு வரும் படத்தையும் சொல்வார். "கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருக்காக. யாரோ சிரிக்கச் சொன்னதுக்கு, சிரிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற மொகம்." கேட்டால் அந்த ஆளே எழுந்து எங்கள் முன்னால் வந்து நிற்பார்.

என் அண்ணன் ஜொகூரில் இறந்தபோது அவர் பிள்ளைகளுக்கு என் நினைவு வரவில்லை. அறிவிப்பில் மட்டும் உறவினர் வரிசையில் 'தங்கை பார்வதி, ஈப்போ' என்று போட்டிருந்தார்கள். அன்று காலை நான் எண்ணை அழைப்பதற்கு முன் என் போன் அடித்தது. "பார்வதி, இன்னைக்கு ரெண்டை அமுக்காதே. மொதல்ல நான் சொல்றதக் கேளு," என்றார் ஆச்சி. சொன்னார். பிறகு போனை வைக்கவில்லை. நான் அழுது முடிக்கிறவரை அந்தப் பக்கம் அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில், "மெசின் சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னுதான்," என்றார். அன்று செய்திகள் தாமதமாக வந்தன. ஏன் தாமதம் என்று நீங்கள் சங்கத்தில் குறை சொன்னீர்கள்.

நேரில் நாங்கள் சந்தித்தது ஒரே தடவை, சங்கத்துத் தீபாவளி விருந்தில். எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.  "முறுக்கு எடுத்துக்க," என்றார். எடுத்துக்கொண்டேன். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதே போன் அடித்தது. "நேருல பேச எனக்கு வெக்கமாப் போச்சு பார்வதி," என்றார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். அந்தப் பெரிய வீட்டில் அவரும் தனிதான். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை.

அந்த லைனில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும். காலையில் எப்போது அழைத்தாலும் எங்கேஜ். நான் ஆயுளெல்லாம் லைன் கொடுத்தவள், எனக்கே லைன் கிடைக்கவில்லை என்றால் கோபம் வராதா? ஒருநாள் ஆச்சியிடம் பொரிந்து தள்ளினேன். "எங்கேஜ்னா சந்தோசப்படு. உனக்கு முன்னால ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு. நீ மட்டும் இல்லேன்னு அர்த்தம்," என்றார். அதன் பிறகு அந்தச் சத்தம் வந்தால் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வருடங்கள் போகப் போக எங்கேஜ் குறைந்தது. கேட்டவர்கள் பலரின் பெயரை ஆச்சியே இரண்டாம் எண்ணில் படித்துவிட்டார். அவர் இறந்த பிறகு வந்த அந்த மூன்று காலையும் முதல் அழைப்பிலேயே லைன் கிடைத்தது.

திங்களன்று கோமதி இன்னொன்றும் சொன்னாள். "இந்த மாசக் கடைசியோட லைனை நிறுத்தப் போறாங்க அக்கா. இப்ப எல்லாருக்கும் கையில இருக்கிற போனே படிச்சுக் காட்டுதுல்ல."

படிக்கும்தான். என் அண்ணன் செத்ததையும் வெண்டைக்காய் விலையையும் ஒரே குரலில் படிக்கும்.

"லைனை எப்ப வேணும்னாலும் நிறுத்திக்குங்க," என்றேன். "ஆச்சி சாவை ரெண்டாம் நம்பர்ல சொல்லாம நிறுத்தக் கூடாது. நான் படிக்கிறேன். ரகசிய நம்பரைக் குடு."

கோமதி யாரையோ கேட்டுவிட்டு வந்து கொடுத்தாள். சனிக்கிழமைப் பத்திரிகையைத் தேடி எடுத்து அறிவிப்பையும் வாசித்தாள். நான் பிரெயிலில் குத்திக்கொண்டேன். கணவர் பெயர், பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள். பத்திரிகை படித்தது பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், அம்மா விடியற்காலையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று அவர்களுக்கு யார் சொன்னது? படத்தில் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கண்ணாடி போட்டிருக்காங்க அக்கா. கொஞ்சம் குனிஞ்ச மாதிரி இருக்கு. ஏதோ படிக்கும்போது எடுத்த படம் போல." பிறகு தயங்கினாள். "நீங்க புதுசாப் பேசினா ரெண்டாம் நம்பர்ல ஆச்சி பேசினது அழிஞ்சிடும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? சாவைச் சொல்ல வேண்டும் என்றால் குரலை அழிக்க வேண்டும். அன்று முழுக்க அந்த வெள்ளிக்கிழமை அறிவிப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குத் தெரியாத யார் யாரோ செத்திருந்தார்கள். எல்லாருக்கும் தோட்டத்துப் பெயரைக் கேட்டுச் சொல்லியிருந்தார். அவைதான் அவர் விசாரித்த கடைசி வீடுகள்.

மறுநாள் காலை முதலில் முனியாண்டி அண்ணனுக்கு அடித்தேன். "அண்ணே, இன்னைக்கு ரெண்டை அமுக்காதீங்க. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க."

சொன்னேன். நானும் போனை வைக்கவில்லை. அழுது ஓய்ந்த பிறகு, பழக்கதோஷத்தில் கேட்டார், "எந்தத் தோட்டம்?"

"தோட்டம் இல்லண்ணே. டவுன்காரங்க."

"இல்லன்னு சொல்லாத தங்கச்சி. நம்ம எல்லாத் தோட்டமும் அவங்களுக்குத் தெரியும்லா." மூக்கை உறிஞ்சினார். "சரி, நீ மெசின்ல படி. எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு நான் போன் போடுறேன். அவங்களையும் ஆளுக்கு ஒருத்தருக்குச் சொல்லச் சொல்றேன்."

ரகசிய எண்ணைப் போட்டேன். "இன்றைய தாள்," என்றேன். அது இன்றைய தாள் இல்லை, ஆனால் வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. தேதியைச் சொன்னேன். ஆட்டிக் காட்ட என்னிடம் பத்திரிகை இல்லாததால் பிரெயில் தாளை ஆட்டினேன். விரலால் தடவி அறிவிப்பைப் படித்தேன். படத்தைச் சொன்னேன். தோட்டம் வர வேண்டிய இடத்தில், "தோட்டம் இல்லை, நம் தோட்டங்களின் பெயரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னவர்," என்றேன். குரல் உடையாமல் முடித்தேன். சுவிட்ச்போர்டு வேலை அதற்காவது உதவியது.

பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று கேட்க எண்ணை அழைத்தேன். எங்கேஜ். காப்பி கலக்கிக் குடித்துவிட்டு மறுபடி அழைத்தேன். எங்கேஜ். துணியை மடித்து வைத்துவிட்டு அழைத்தேன், அப்போதும் எங்கேஜ். இத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. மதியம் வரை எனக்கு லைன் கிடைக்கவில்லை.

அவர் பேசிய கடைசி இரண்டாம் எண்ணை நானே அழித்துவிட்டேன். ஒன்றிலும் மூன்றிலும் உள்ள அவர் குரலும் மாதக் கடைசிவரைதான். ஆச்சியிடமிருந்து என்னிடம் மிஞ்சப் போவது அந்த எங்கேஜ் சத்தம்தான். லைனை நிறுத்தும் நாள்வரை காலையில் அழைப்பேன். லைன் கிடைத்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டுதான் அழைப்பேன்.