பளார் அண்ணன் கேமரா மாட்டிய காலை

தெருவில் அவனுக்குப் பெயர் பளார். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு பெட்டிக்குள் போய்விட்டது. இருபத்தைந்து வருடமாக டிவி மெக்கானிக். படம் ஆடுகிறது என்று யாராவது கூப்பிட்டால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்னால் பெட்டியின் தலையில் ஒன்று வைப்பான். பளார்! பாதிப் பெட்டிகள் அப்போதே சரியாகிவிடும். உள்ளே விட்டுப்போயிருந்த ஈயப் பற்றவைப்பு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் சங்கதி. சனங்கள் அதைக் கைராசி என்றார்கள், இவனும் நம்பித் தொலைத்தான். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்தக் கையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் அதோடுதான் வந்தான். சாப்பாடு ஆறியிருந்தால் ஒன்று, பதில் தாமதமானால் ஒன்று. மனைவியின் மணிக்கட்டு முறிந்த அன்று, ஒன்பது வயது மகள்தான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். தாயும் மகளும் அன்றைக்குப் போனவர்கள்தான். ஏழு மாதமாகிவிட்டது. அடித்ததை நினைத்து இந்தப் பாவி ஒரு நாளும் அழுததில்லை. மகளைக் காணாமல் மட்டும், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவான்.

கடைசியில் குடும்ப நீதிமன்ற ஆலோசகர் ஒரு வழி சொன்னார். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோவில் மகளோடு பத்து நிமிடம் பேசலாம். எப்படிப் பேசுகிறான் என்று அவர் பார்ப்பார். நம்பிக்கை வந்தால் சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் மகள் அவனோடு இருப்பாள். வராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்.

செல்போனில் பேசியிருக்கலாம். அதைத்தான் போன வாரம் சுவரில் எறிந்து நொறுக்கியிருந்தானே! அதனால் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டருக்கு, இருப்பதிலேயே மலிவான யூஎஸ்பி கேமரா ஒன்றை வாங்கினான். ஓடுகிறதா இல்லையா என்று காட்ட ஒரு பொட்டு விளக்குகூட அதில் கிடையாது. மாட்டிக்கொடுக்கத் தங்கை கணவன் வந்தான். டைப்பிங் வேலை செய்கிறவன், வாயில்லாப் பூச்சி.

"மச்சான், முன்னாடி இருக்கிற ஓட்டையில சொருகாதீங்க. பின்னாடி சொருகுங்க."

"ஏன், முன்னாடி சொருகினா அதுக்கு வலிக்குமா?"

முன்னால்தான் சொருகினான். கேமரா வருவதும் போவதுமாக இருந்தது. போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் 'டொடொங்' என்றது. ஐந்தாவது டொடொங்கில் ஸ்பீக்கரின் திருகைப் பிடித்து முழுக்க இறக்கிவிட்டு, மேசையை ஓர் உதை விட்டான். மாப்பிள்ளை வயரைப் பிடுங்கிப் பின்னால் சொருகினான். படம் போகாமல் நின்றது. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருகியதும் முகம் தெளிந்தது. பளார் தன்னைத் திரையில் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான். மகளுக்காகப் புதுச்சட்டை போட்டிருந்தான்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாப்பிள்ளை முகம் தெரிந்த அந்தச் சோதனைப் படத்தை மூடிவிட்டு நீதிமன்ற லிங்கைத் திறந்தான்.

"அவங்க உள்ள விடுவாங்க. அதுவரைக்கும் எதையும் தொடாம இருங்க. நான் தண்ணி கொண்டாரேன்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. காத்திருக்கச் சொன்னால் அதுவும் இருக்காது. முடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனைப் படத்தை மறுபடி திறந்தான். திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் இங்கிலீஷில் இரண்டு வரி. கேமரா வேறொரு வேலையில் இருக்கிறது என்று அது சொன்னது, படிக்க இவனுக்குப் பொறுமை ஏது? இவன் தொழிலில் திரை கறுத்தால் பெட்டி செத்தது என்று அர்த்தம். இவன் பார்த்த பெட்டி எதுவும் இவனைத் திரும்பிப் பார்த்ததில்லை.

பளார்! கேமரா ஒரு பக்கம் சாய்ந்தது. பளார்! கீபோர்டைத் தூக்கி மேசை விளிம்பில் அடித்தான், எழுத்துக்கட்டைகள் அறை முழுக்கத் தெறித்தன.

"ஐயோ மச்சான், ஓடுது! அது ஓடிக்கிட்டுதான் இருக்கு!" என்று தண்ணீர்ச் செம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்தான் மாப்பிள்ளை.

"எது ஓடுது? எம் பொண்ணை நான் பார்க்கக் கூடாதுன்னு அவ அம்மாகூடச் சேர்ந்துக்கிட்டு செத்ததை மாட்டியிருக்கியாடா?"

சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் அறைந்தான். விலக்கப் பார்த்தவனின் தலையை மேசையில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. விழுந்தவன் விலாவில் உதைத்தான், இன்னொரு முறையும் உதைத்தான். மாப்பிள்ளை ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் மேசையைப் பிடித்து எழுந்து, மவுஸை நகர்த்திக் கறுப்பு ஜன்னலை மூடினான்.

அதன் பின்னால், கேமராவைப் பிடித்து வைத்திருந்த நீதிமன்றத்து ஜன்னல் திறந்தே இருந்தது. ஒரு கட்டத்தில் ஆலோசகர். இன்னொன்றில் மனைவியும் மகளும். மூன்றாவதில், கோணலாக, கையை ஓங்கியபடி பளார். மாப்பிள்ளை ஸ்பீக்கர் திருகை ஏற்றினான்.

"பதினொரு மணிக்கே உள்ள விட்டுட்டோம் சார்," என்றார் ஆலோசகர். "அப்போ இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம்."

பளார் ஓங்கிய கையை இறக்கினான். "கண்ணு..." என்றான்.

மகள் அழவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"மாமா, தலையை மேல தூக்காதீங்க, ரத்தம் தொண்டைக்குள்ள போயிடும். குனிஞ்சு மூக்கை இறுக்கிப் பிடிங்க. அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்வேன்."

மாப்பிள்ளை குனிந்து பிடித்துக்கொண்டான். "இப்படியாம்மா?"

"இன்னும் கொஞ்சம் கீழ மாமா. வாயால மூச்சு விடுங்க."

பளாருக்கென்று கொடுத்த பத்து நிமிடத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் மகள் மாமாவோடுதான் பேசினாள். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, ஆலோசகர் ஃபைலை மூடினார்.