ஒரு கையால் ஆடும் பெட்டி

டிவி ரிப்பேர்காரனிடம் யாரும் நன்றாக ஓடுகிற சாமானைக் கொண்டுவர மாட்டார்கள். அப்படி ஒருவர் கொண்டுவந்தால், சோல்டரிங் அயர்னில் விரல் சுட்டுக்கொண்ட சகோதரர்களே, உஷாராக இருங்கள்.

வந்த பெட்டி

உப்பளம் பகுதியில் இருக்கும் என் கடைக்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து யூசுப் பாய் வந்தார். கையில் கேசட் போட்டு ஆடும் பழைய டிவி கேம் பெட்டி. அதைக் கையடக்கமாக, பேட்டரியில் ஓடும்படி மாற்றித் தர வேண்டுமாம். அவர் மனைவி ஷமீமாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு மாதமாக, உட்கார முடியவில்லை என்று இரண்டு மணி நேரத்திலேயே பாதியில் எழுந்துவிடுகிறார். உடம்பில் நீர் தங்கி மூச்சு வாங்குகிறது. நாலு மணி நேரமும் முடித்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் இந்த ஆட்டம் என்றால் ஷமீமாவுக்குச் சோறு வேண்டாமாம். போனில் ஆடுவது பிடிக்கவில்லையாம், பட்டன் அமுங்க வேண்டுமாம். நல்ல பெட்டியை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. யூசுப் பாய் சொன்னார்: "பெட்டி போனா போவட்டும்ணே. அவ நாலு மணி நேரம் உக்காந்தா போதும்."

அறுவை

உள்ளே இருந்த போர்டில் பாதி காலி இடம். காலி என்று நினைத்து ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். காரில் ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரையைக் கோர்த்தேன். ஸ்விட்சைப் போட்டால் திரை கறுப்பு. அறுத்த ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு செம்புக் கோடு துண்டாகிக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து ஒயர் போட்டு இணைக்க இரண்டு நாள் ஆனது.

பக்கத்து மேஜையில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் செல்வம் எட்டிப் பார்த்தான். "வேலை இல்லன்னு பொலம்பிக்கினு இருந்த. இப்ப நீயே ஒண்ணு பண்ணிக்கிட்டியா?"

ஒப்படைப்பு

பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் எல்லாவற்றையும் அடக்கினேன். இடப்பக்கம் திசைப் பட்டன்கள், வலப்பக்கம் குதிக்க, சுட. படம் பளிச்சென்று வந்தது. கர்வமாக இருந்தது, மறைப்பானேன்!

ஷமீமா கடைக்கே வந்து வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, அப்புறம் வாடியது. "இடது கையில ஊசி இருக்கும்ணே, அசைக்கவே கூடாது. மிச்சம் ஒரு கைதான் இருக்கு. எப்படி ஆடுவேன்?"

கட்டிய கை

இதைக் கேட்கவே தோன்றாத மடையன் நான். எல்லாவற்றையும் பிரித்தேன். திசைப் பட்டன்களை வலக்கைக் கட்டைவிரலுக்கு மாற்றினேன். குதிக்கவும் சுடவும் பெட்டியின் அடியில், மற்ற விரல்களுக்கு எட்டும்படி இரண்டு பட்டன். கனம் குறைய பேட்டரியை வெளியே எடுத்து ஒயரில் தொங்கவிட்டேன். உள்ளங்கையோடு சேர்த்துக் கட்ட ஒரு பட்டை.

என் இடது கையை நாற்காலியோடு கட்டிக்கொண்டு மூன்று நாள் ஆடிப் பார்த்தேன். மிக்ஸியோடு வந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுச் செல்வத்திடம் கேட்டார்: "இவரை எதுக்குப்பா கட்டி வெச்சிருக்கீங்க?"

நாலாவது மணி

அடுத்த வாரம் யூசுப் பாய் என்னை ஆஸ்பத்திரிக்கே வரச் சொன்னார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தோம். இடது கை ஆடாமல் அசையாமல் கிடந்தது. வலது கை மட்டும் பறந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் தாண்டியது, மூன்றும் தாண்டியது. யூசுப் பாய் கைக்குட்டையை எடுத்தார்.

நாலு மணி நேரம் முடிந்து, நர்ஸ் மெஷினை நிறுத்தக் கதவைத் திறந்துகொண்டு போனார். ஷமீமா தலையைத் தூக்கவேயில்லை. "சிஸ்டர், அஞ்சே நிமிஷம் இருங்க, இப்பதான் பெரிய ராட்சசன் வந்திருக்கான்!"

அந்த வார்டிலிருந்து இன்னும் மூன்று பேர் பெட்டி கேட்டிருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு ஊசி வலது கையிலாம். நம் தொழில், ஜெயித்த சந்தோஷத்தில் ஒரு டீ குடிக்கக்கூட விடாது.