நான்காவது பித்தளை வளையம்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நான் டர்னர், கடைசல்காரன். லேத்தில் எதைக் கொடுத்தாலும் எனக்கு அளவு பிசகாது என்ற கர்வம் நிறையவே உண்டு. அந்தக் கர்வத்தில்தான், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் ஒன்றைச் சார்மினார் பக்கம் பழைய சாமான் கடையில், லென்ஸ் இல்லாமலே வாங்கிவந்தேன். யுத்த காலம், புது லென்ஸுக்கு எங்கே போவது?

எல்லாம் என் மனைவியின் தங்கைக்காக. அவள் அம்மை போட்டு இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் இருக்கும் படம் ஒன்றே ஒன்று, எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நான் எடுத்த குடும்பப் படம். அதில் அவள் முகம் மிளகளவு.

"அவ முகத்த மட்டும் பெருசா பண்ணிக் குடுங்க" என்றாள் மனைவி. அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

என் கேமராவின் லென்ஸையே கழற்றி, பித்தளையில் ஒரு வளையம் கடைந்து என்லார்ஜரில் பொருத்தினேன். ஞாயிறு மதியம் குளியலறை ஜன்னலில் கம்பளியை அடித்து விளக்கைப் போட்டால், கீழே விழுந்தது வெறும் மூட்டம். லென்ஸை இன்னும் மேலே ஏற்ற இடமில்லை. மெல்லிசாக வேறு வளையம் கடைந்தேன். அடுத்த ஞாயிறு எல்லாம் தெளிந்தது, அவள் முகத்தைத் தவிர. எனக்கு ஒன்றும் புரியவில்லை. லென்ஸ் சாய்ந்திருக்கும் என்று ஒரு பக்கம் தகடு கொடுத்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவிதான் மங்கினாள்; தங்கை தெளியவில்லை. இப்படி நான்கு வளையம் ஆயிற்று. வளையத்தைத் திட்டினேன், லேத்தைத் திட்டினேன், "நக்கோ, வேணாம், விட்டுடுங்க" என்ற மனைவியையும் திட்டினேன்.

கடைசியில் ஆத்திரத்தில் நெகடிவை உருவி, வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தங்கையின் கழுத்துச் சங்கிலியில் கண்ணிகளை எண்ணலாம். முகம் மட்டும் இரண்டாக இருந்தது. வளையத்தில் கோளாறே இல்லை. படம் எடுக்கும்போதே தலையை அசைத்திருக்கிறாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று வெளிச்சம் போதவில்லை. ஷட்டரைத் திறந்து வைத்து நான் மூன்று எண்ணும்வரை யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு போட்டவன் நான். இரண்டு எண்ணியதும் தங்கையைப் பார்த்து, "மூக்குல ஈ!" என்று உதட்டை மட்டும் அசைத்தவனும் நான்தான்.

மங்கலாகவே அச்சிட்டுக் கொடுத்தேன். மனைவி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சிரிக்கிறா பாருங்க. யாரு சிரிக்க வெச்சாங்களோ, நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அது நான்தான் என்று இன்றுவரை சொல்லவில்லை.