வேலி தாண்டி அடித்த போன்

வயர் இல்லாத போனை வீட்டில் மாட்டிய அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள். கடைக்காரர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன்.

மதுக்கரைக்குக் கிழக்கே தோட்டம். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர். அந்த முறையில்தான் சண்டை வந்து பேச்சு நின்றது. அவர் இந்தப் போனை வாங்கினார் என்று கேள்விப்பட்டு நானும் வாங்கினேன். அதே கடை, அதே பெட்டி.

பெட்டி வீட்டில் இருக்கும். கூரையில் ஏரியல். கைப்போனைக் காட்டுக்குக் கொண்டுபோகலாம். பெட்டியில் பொத்தானை அமுக்கினால் கைப்போன் அடிக்கும், பேசலாம்.

"பின்னால கோடு நம்பர் மாத்தற சுவிட்ச் இருக்குதுங்க. கழட்டி மாத்தி வெச்சரலாமுங்களா?" என்றார் கடைக்காரர்.

மனைவி அப்போதுதான் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். "புதுப் பொருளை வாங்குன அன்னிக்கே கழட்டுவாங்களா? வந்தபடியே இருக்கட்டுங்க" என்றாள்.

எனக்கும் அது சரியாகப் பட்டது. அண்ணன் வீட்டிலும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். அது பிறகுதான் தெரிந்தது.

மகளுக்கு வலி கண்ட அன்று நான் பாத்தி கட்டிக்கொண்டிருந்தேன். கைப்போன் மோட்டார் ரூமில். மோட்டார் சத்தத்தில் அது அடித்தது கேட்கவில்லை. மதியம் வீட்டுக்கு வந்தால் பூட்டு. களை எடுக்க வந்திருந்த கூலிக்கார அம்மா சொன்னார், "உங்க அண்ணன் ஜீப்புல கூட்டிட்டுப் போனாருங்க."

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராண்டா பெஞ்சில் ஒரு கோடியில் மனைவி, மறு கோடியில் அண்ணன். மகள் உள்ளே. கொடி சுற்றியிருக்கிறது, ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சிரமம் என்றும் சொன்னார்களாம்.

"வலி வந்துருச்சு, வண்டி புடிச்சுட்டு வாங்கன்னேன். வாரேன்னு சத்தம் வந்துச்சுங்க. நீங்கன்னுதான் நெனச்சேன். பாத்தா மாமா வாசல்ல ஜீப்போட நிக்கறாரு" என்றாள் மனைவி.

எனக்கும் அண்ணனுக்கும் குரல் ஒன்று.

அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு பொட்டிக்கும் ஒரே கோடு நம்பரு. உன்ற போன் மாட்டுன நாள்ல இருந்து எனக்கும் அடிக்குது. உங்கூட்டுல என்னைய என்னென்ன திட்டறீங்கன்னு இப்பத்தான் முழுசாத் தெரிஞ்சுது."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்கண்ணா."

"எப்படிச் சொல்றது? நமக்குத்தான் பேச்சில்லையே."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமில்லை என்று அடக்கிக்கொண்டேன். வேலியைக் கல்லுக்கால் நட்டு நான்தான் போட்டேன். மேலே போகிற பேச்சுக்கு வேலி கிடையாது என்று யோசித்ததில்லை. யோசித்து அன்றே கோடு நம்பரை மாற்றியிருந்தால் அவள் கூப்பிட்டது யாருக்கும் கேட்டிருக்காது. மனைவியும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"நாளைக்குக் கடைக்காரன வரச்சொல்லி மாத்திப்போடு" என்றார் அண்ணன்.

"புள்ள ஊட்டுக்கு வரட்டுமுங்கண்ணா. பொறகு பாத்துக்கலாம்."



கதவு திறந்தது. நர்சம்மா எட்டிப் பார்த்து, "பெரியப்பா யாருங்க?" என்று கேட்டார். மகளைச் சேர்க்கும்போது அண்ணன் தன்னை அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அண்ணன் எழுந்து போனார். நர்சம்மா மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அண்ணன் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாமா. பையன்."

"எடை எவ்வளவுங்கண்ணா?"

இரண்டே முக்கால் கிலோ.