நாலந்தா ஸ்டோரின் கறுப்புத் திரை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மெல்பேணிலிருந்து அழைத்து, என் மடிக்கணினிக்குள் வந்து பார்க்கவேண்டும் என்றாள். அது மெதுவாக வேலை செய்கிறதாம். நான் முறையிடவில்லை, அவளே முடிவுசெய்துவிட்டாள்.

"அப்பா, நான் சொல்றத மட்டும் செய்யுங்க. வேற எதையும் அமுக்கிறாதீங்க. திரையில ஒன்பது இலக்கம் வருதா? அத மெதுவா வாசிங்க."

மெதுவாக வாசித்தேன். தூரத்திலிருந்து கணினியை இயக்கும் இப்படிப்பட்ட மென்பொருளை மாத்தளையில் பல அலுவலகங்களுக்குப் போட்டுக்கொடுத்தவன் நான் என்பது அவள் நினைவில் இல்லை. தகப்பன் ஓய்வுபெறும்போது அவனுடைய அறிவும் சேர்ந்து ஓய்வுபெற்றுவிடுவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. என் கை தானாக மவுஸை விட்டு விலகிக்கொண்டது. இந்தப் பழக்கம் எல்லோருக்கும் இலேசில் வராது. தூரத்திலிருந்து ஒருவர் மவுஸை நகர்த்தும்போது, எங்கள் கம்பனியின் நாலந்தா ஸ்டோரில் வேலை செய்த மரகதம் அக்கா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரோ இழுக்கிறாங்க சேர், விட மாட்டேங்கிறாங்க" என்று எதிர்ப்பக்கம் இழுத்த காட்சி ஞாபகத்துக்கு வந்தது. மகள் எதையெதையோ அழித்துக்கொண்டிருந்தாள். நான் நாலந்தாவுக்குப் போய்விட்டேன்.

வாசனைத் திரவியம் வாங்கிக் காயவைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்தபோது கொழும்பில் ரமேஷ் என்றொரு அதிகாரி வந்து சேர்ந்தார். வெளிநாட்டில் படித்தவர், கோட்டைக் கழற்றாதவர். மாத்தளை மாவட்டத்தில் இருக்கும் எல்லாக் கணினிகளையும் கொழும்பில் இருந்தபடியே இயக்கவேண்டும் என்பது அவருடைய முதல் உத்தரவு. "சிம்பிள்தானே அங்கிள், இன்ஸ்டோல் பண்ணி நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு போனா முடிஞ்சுது" என்றார். என்னை அங்கிள் என்று கூப்பிட்டதை மன்னித்துவிட்டேன். அந்த 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்'டை இன்னும் மன்னிக்கவில்லை.

மாத்தளை டவுனில் இருந்தது விண்டோஸ். அதிலும் மலிவான வீட்டுப் பதிப்பு. அது அடுத்த கணினியைத் தேடிப் போகுமே தவிர, தன் வாசலை எவருக்கும் திறக்காது. அதற்கு விலை கூடிய பதிப்பு வேண்டும் என்று எழுதினேன். மறுபடி இன்ஸ்டோல் செய்து பார்க்கும்படி பதில் வந்தது. செய்தேன். அது மறுபடியும் திறக்கவில்லை. இயந்திரத்துக்கு இருந்த கொள்கைப் பிடிப்பு எங்கள் நிர்வாகத்தில் எவருக்கும் இருந்ததில்லை.

அலுவிகாரையில் லேபல் வரையும் பிரிவுக்கு ஒரு டிரெக்டரின் மருமகன் மெக் கணினி வாங்கி வைத்திருந்தான். அதில் மென்பொருள் ஒரு நிமிடத்தில் ஏறிவிட்டது. கொழும்பிலும் படம் தெரிந்தது. ஆனால் தெரிந்தது வெறும் மலையும் ஏரியும் உள்ள பின்னணிப் படம் மட்டும்தான். திரையைப் பார்க்க ஓர் அனுமதி, மவுஸை அசைக்க இன்னோர் அனுமதி என்று தனித்தனியாகக் கொடுத்து, மென்பொருளை மூடித் திறந்தால்தான் மெக் இணங்கும். ரமேஷ் அரைநாள் அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கனெக்‌ஷன் நல்லா இருக்கு, ஆனா அங்க யாரும் வேலை செய்யலை போல" என்று மேலிடத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

நாலந்தாவில் லினக்ஸ். உரிமக் காசை மிச்சம் பிடிக்க யாரோ போட்டுவிட்டுப் போனது. ஸ்டோரில் ஒருவர் தன் பயனர் பெயரில் உள்ளே இருக்கும்போது, அதே பெயரில் கொழும்பும் நுழைந்தால் வெறும் கறுப்புத் திரைதான் வரும். கொழும்புக்கென்று வேறு பெயர் உண்டாக்கினால் தீர்ந்தது. இதை நான் சொன்னேன். இரண்டு கிழமை கழித்து, தானே கண்டுபிடித்ததாக ரமேஷ் எனக்கு அறிவித்தார்.

அந்த நாலந்தாக் கணினியைத் திறந்தால் விசிறி முழுக்க மிளகுத் தூள். சூடேறியதும் அறையே காரநெடியாகிவிடும். நான் தும்முவேன், மரகதம் அக்கா தும்மமாட்டார். மின்சார உலர்த்தியின் சூட்டைக் கணினியில் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது அவருடைய வேலை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். கணவர் இல்லை. மகள் கெம்பஸில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சேர், கொழும்புல இருந்தே சூட்டப் பாக்கலாம்னா, நான் எதுக்கு?"

மூடி மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ரிமோட் சரியாக வேலை செய்தால் அவருடைய பதவியை எடுத்துவிடுவதென்று கொழும்பு தீர்மானித்திருந்தது. சொன்னேன்.

"அப்ப நல்லாவே வேலை செய்ய வைங்க. அரைகுறையா செஞ்சு, அதுக்கும் என்னையே திட்டப் போறாங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் பிளேன்டீ போடப் போனார்.

சோதனை நாள் ஏப்ரலில் வந்தது. நேரம் பின்னேரம் மூன்று மணி. டிரெக்டர்கள் எல்லோரும் கொழும்பில் பெரிய திரைக்கு முன்னால் உட்காருவார்களாம். ஏப்ரல் மாதம் பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் வையுங்கள் என்று எழுதினேன். காலையில் டிரெக்டர்களுக்கு நேரமில்லை என்றார்கள்.

மூன்று மணிக்கு அம்புக்குறி அசைந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொழும்பு ஒரு பக்கத்தைத் திறந்தது, மூடியது, உலர்த்தியின் சூட்டைக் கொஞ்சம் கூட்டியது, குறைத்தது. பிசகே இல்லை. இவ்வளவுதானா என்பதுபோல அக்கா என்னைப் பார்த்தார்.

அப்போது மலைப்பக்கம் முதல் இடி இடித்தது.

அக்கா எந்த அவசரமும் இல்லாமல் குனிந்து கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். தொலைபேசி வயரைக் கழற்றினார். மேலே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போர்த்தினார். வேலைக்கு வந்த நாளிலிருந்து இடி கேட்டதும் அவர் செய்வது இதுதான். அங்கே எல்லோரும் செய்வதும் இதுதான். ஒருமுறை இடி விழுந்து ஸ்டோரின் பழைய கணினி கருகியபோது, வயரை ஏன் கழற்றவில்லை என்று விளக்கம் கேட்டது இதே கொழும்புதான்.

என் கைபேசி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அங்கிள், ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. என்ன எரர் காட்டுது?"

"எரர் ஒன்னும் இல்ல. பெட்ஷீட் போத்தியிருக்கு."

"வாட்? மரகதத்துக்கிட்ட கொடுங்க. மரகதம், உடனே ஒன் பண்ணுங்க."

"முடியாது சேர். இடி இடிக்குது."

"இங்க இடிக்கலையே."

"அங்க இடிக்கலன்னா எனக்கு என்ன சேர்? இங்கதானே இடிக்குது."

"டிரெக்டர்ஸ் எல்லாம் வெயிட் பண்றாங்க. உங்க வேலை விஷயம் இது, யோசிச்சுப் பேசுங்க."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. போர்த்திய கணினியைப் பார்த்தார்.

"என் வேலை விஷயம்னு தெரியும் சேர். போட மாட்டேன். மழை விட்டதும் போடுறேன். அதுவரைக்கும் எல்லாருக்கும் டீ குடுங்க."

அதன்பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இடியை ஒரு காரணமாகக் கொழும்பு ஏற்றுக்கொள்ளவே இல்லை. ஃபயர்வோலைப் பார்க்கச் சொன்னார்கள், போர்ட்டை மாற்றச் சொன்னார்கள், கணினி தூங்கிவிடுகிறதா என்று கேட்டார்கள். கிழமைக்கு ஒரு புது மென்பொருளை அனுப்பினார்கள். எல்லாவற்றையும் முறைப்படி ஏற்றினேன். எல்லாம் காலையில் அருமையாக ஓடின. பின்னேரத்தில் பெட்ஷீட்டுக்குள் போயின.

கடைசியில் ஓர் உயர்மட்டக் கூட்டம் கூடி, தொடர்பு அறுபட்டால் மீட்டுக் கொடுக்க அந்த இடத்தில் நிரந்தரமாக ஒருவர் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தது. மரகதம் அக்காவுக்குப் புதுப் பதவிப் பெயருடன் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

"பேரு நீளமா இருக்கே சேர். வேலை என்னவாம்?"

"பிளக்கக் கழட்டி, திரும்பப் போடுறது."

"அதத்தானே செஞ்சுக்கிட்டிருந்தேன். இதுக்கா இவ்வளவு பேர் கூடினாங்க?"

ஓய்வு வயது வரும்வரை அக்கா அந்த நாற்காலியிலேயே இருந்தார். மகள் இப்போது ஆசிரியை. ரமேஷ் வேறு கம்பனிக்குப் போய் இன்னும் உயர்ந்துவிட்டார். அப்படிப்பட்டவர்கள் உயரத்தான் செய்வார்கள்.

அக்காவின் இடத்துக்கு வேறு எவரையும் போடவில்லை. கணினியையும் எடுத்துவிட்டார்கள். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, உலர்த்தியின் சூட்டின் அளவு அதிலிருந்து நேராகக் கொழும்பிலுள்ள கைபேசிகளுக்குப் போய்விடும். பின்னேரமானால் ஸ்டோரைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விடலாம். போன வருடம் மழைக்கு முந்திய ஓர் இடியில் அந்தப் பெட்டி செத்துப்போனது. உலர்த்தியின் விசிறி நின்றது, சூடு நிற்கவில்லை. கைபேசிகளில் கடைசியாகப் போன இலக்கம் அப்படியே இருந்ததால் கொழும்பில் எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். உள்ளே சாதிக்காய் கருகிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் நான் நாலந்தா வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். ஸ்டோர்ப் பக்கமிருந்து வந்த புகை பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் நாறியது. ஒருவர் ஜன்னலைச் சாத்தினார். எனக்குத் தெரிந்த ஒரே இலக்கம் ஸ்டோரின் பழைய தொலைபேசி இலக்கம். அழைத்தேன். அப்படி ஓர் இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளிலும் மிக மரியாதையாகச் சொன்னது.