பெரியப்பா இறங்கி நடந்த இடம்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருபத்திரண்டு வருடம் இராணுவத்தில் இருந்தார் என்று இன்றைக்குச் சொன்னாலும், "எந்த இராணுவம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அரசாங்கத்தின் இராணுவம்தான். இருந்தவர் பெரியப்பா. சண்டை தொடங்குமுன்பே ஓய்வு பெற்று வந்துவிட்டார். கூடச் சேர்ந்த சிங்களப் பெடியன்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி மேலே போக, அவர் சார்ஜன்ட் ஆவதற்கே பதினெட்டு வருடம் பிடித்ததாம். விட்டுவிட்டு வா என்று வீட்டார் எத்தனையோ கடிதம் எழுதியும் ஆள் அசையவில்லை.

கொக்குவிலில் எங்கள் அயலைப் பொறுத்தவரை அவர் கொழும்பில் ஏதோ கந்தோரில் கிளார்க் வேலை பார்த்தவர். உண்மை தெரிந்தால் இந்த ஊரில் இருக்க முடியாது, அயலுக்குள் மூச்சு விடாதே என்று பெரியம்மா எனக்கு விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஊருக்குள் வந்திருந்த அரசாங்க ஆமி பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி போட்டது. எல்லாரும் சைக்கிளை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டை காட்டி நடக்க வேண்டும். என்னை ஏற்றிப்போகும் பெரியப்பா, முழங்கால் நோவோடு, எல்லாருக்கும் முதலே இறங்கிவிடுவார். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் மகன் வயதுகூட இல்லாத சிப்பாய் கேட்பதற்கெல்லாம் விளங்காதவர்போல் விழிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்த அவருடைய நீண்ட சேவைப் பதக்கத்தை எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பையைக் கிளறிய சிப்பாய் அதைத் தூக்கிப் பிடித்தான்.

"பெரியப்பாடை. அவரும் ஆமி!" என்று உரத்துச் சொன்னேன்.

அயலுக்குச் சொல்லாதே என்றுதானே பெரியம்மா சொன்னார். ஆமிக்குச் சொல்லாதே என்று சொல்லவில்லையே.

அதிகாரி ஒருவன் வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டான். பெரியப்பா சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார். பிறகு முதுகை நிமிர்த்தி, குதிக்கால்களைச் சேர்த்து, தன் இராணுவ இலக்கத்தைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அவருக்குச் சல்யூட் அடித்தான்.

"ஐயா இனி இறங்க வேணாம். நேரே போங்க," என்றான் தனக்குத் தெரிந்த தமிழில்.

வரிசையில் முழு அயலும் நின்றது.

சாவடி தாண்டியும் பெரியப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"நாளைக்கு இறங்கத் தேவையில்லைத்தானே, பெரியப்பா?"

"இறங்குவம், பிள்ளை. அங்கை அவங்களுக்குள்ளை இருபத்திரண்டு வருசம் பொறுத்து நிண்டனான். இனி இஞ்சை எங்கடை சனத்துக்குள்ளையும் நிக்கத்தான் வேணும். களைச்சுப்போனன்."

மறுநாள் சிப்பாய் கையசைத்துப் போகச் சொன்னான். பெரியப்பா கேளாதவர்போல் இறங்கி வரிசையில் நின்றார். தினமும் அவரோடு ஊர்க்கதை கதைக்கும் பக்கத்து வீட்டு மாமா, எங்களைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிக் கடைசிக்குப் போனார். முன்னால் நின்றவர்கள் இன்னும் முன்னால் நெருங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் நாலடி தள்ளியே நின்றார்கள். ஊர் என் பெரியப்பாவுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்குகிறது என்று நினைத்து, நான் அவர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.